விளையாட்டுக் கைதும் மலையகச் சூழலும் - ஒரு நோக்கு

புத்தூரின் திருமணப் பந்தரிலே புகுந்து, மணக்கோலத்தில் நின்ற இளைஞனைத் தடுத்து, அவன் தனக்கு வழிவழி அடிமையென்று வழக்கிட்ட முதியவர் ஒருவரின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் முற்பகுதியிலேயே விரிவாகப் பாடியுள்ளார். தடுத்தாட்கொண்ட புராணம் எனப்படும் அப்பகுதி பெரிதும் பக்தியிலக்கியமாகவே கற்கப்பட்டு வருகின்றது. அதனை நாடகமாக நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும். அங்கே குற்றச்சாட்டு உண்டு. ஆளோலை என்னும் ஆவணம் உண்டு. அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறியும் எதிர்வாதியின் சினம் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தாரின் விசாரணை உண்டு. மூல ஓலையையும் பாட்டனாரின் கையெழுத்தையும் ஒப்புநோக்கி வழங்கப்படும் தீர்ப்பும் உண்டு. இத்தனையும் முடிந்த பின்னரே வழக்காளி யார் என்பது வெளிப்படுகின்றது. பிடித்தவர் விளையாடினார், பிடிபட்டவர் அதனை விளையாட்டென்று அறியாதிருந்தார். இறுதியில் அவரிடம் கேட்கப்பட்ட திறை பொன்னன்று, பாட்டு. விளையாட்டுக் கைது என்னும் வடிவத்துக்குத் தமிழிலே இதனினும் நிறைவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

இதற்கு மறுதலையான காட்சியொன்றைப் பள்ளு நூல்களிற் காணலாம். முக்கூடற் பள்ளிலே மூத்தபள்ளி முறையிட, பண்ணைக்காரன் பள்ளனைப் பிடித்துக் காலில் மரம் பூட்டித் தண்டிக்கின்றான். பின்னர் அவளே மனமிரங்கி மன்றாடி அவனை மீட்கின்றாள். பண்ணைக்காரனுடைய தோற்றமும் நடையும் அந்நூலிலே எள்ளி நகையாடப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் மரம் பூட்டப்படுவது பள்ளனின் காலிலேயே. கேட்போரும் காண்போரும் நகைக்கும்பொருட்டு அமைந்த அக்காட்சியிலே, அடிபடும் உடல் உழுபவனின் உடலாகவும், திறவுகோல் வைத்திருக்கும் கை நிலமுடையான் சார்பிலான கையாகவும் உள்ளன. நகைச்சுவை குன்றவில்லை, ஆனால் அது கீழ்நோக்கிப் பாய்கின்றது.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, விளையாட்டுக் கைதினை மதிப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோல் கிடைக்கின்றது. கைது மெய்யோ பொய்யோ என்பதன்று வினா. யார் யாரைப் பிடிக்கின்றார், விடுதலைக்கு விலை யாது, அவ்விலை யாரைச் சென்றடைகின்றது என்பனவே வினாக்கள். பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்களுக்குப் பொருள் திரட்டும் வழிகளுள் ஒன்றாக விளையாட்டுக் கைது பேசப்படும் வேளையில், அதுவும் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த நோட்டன் பிரிட்ஜ் போன்றதொரு சிற்றூரை அதன் அரங்காக எண்ணும்போது, இவ்வினாக்கள் வெறும் நாடகவியல் வினாக்களாக நின்றுவிடுவதில்லை.

இவ்வடிவம் மேனாடுகளிலே நன்கு அறியப்பட்டது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆண்டுதோறும் கொண்டாடும் ‘ராக்’ வாரத்திலே வேடமணிந்த ஊர்வலங்களோடு, ஊர்ப் பெரியாரைக் கடத்திச் சென்று மீட்புப் பணம் கேட்கும் கேலியும் இடம்பெற்றது. திரண்ட பணம் அறப்பணிகளுக்குச் சென்றது. ஐக்கிய அமெரிக்காவிலே 1980களில் புற்றுநோய்ச் சங்கத்தின் கிளைகள் இதனை ஒழுங்கானதொரு நிகழ்ச்சியாகவே வளர்த்தெடுத்தன. நகரின் வணிகர், வழக்கறிஞர், அதிபர் போன்றோர்மீது நண்பர்கள் பணங்கட்டிப் பிடியாணை பெறுவர். பிடிபட்டவர் போலிச் சிறையிலே சிறிது நேரம் அமர்ந்து, தொலைபேசியிலே தம் அறிமுகமானவர்களை அழைத்துப் பிணைப்பணம் திரட்டுவர். குற்றச்சாட்டுகள் நகைப்புக்குரியனவாக இருக்கும்: கண்கூசும் நிறத்திற் கழுத்துப்பட்டி அணிந்தமை, கூட்டங்களில் நீளப் பேசியமை முதலியன. சீருடையணிந்த மெய்யான பொலிஸாரே சிலவிடங்களில் வந்து கைவிலங்கு பூட்டுவதும் உண்டு.

ஈண்டு ஒரு சொல்லின் வரலாற்றைக் குறிப்பிடாது செல்லவியலாது. ‘ராக்’ என்னும் அதே ஆங்கிலச் சொல் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. வந்தபோது அதன் அறக்கொடைப் பகுதி பெரும்பாலும் கடலிலே தவறிவிட, புதுமுக மாணவரை வதைக்கும் பகுதியே கரைசேர்ந்தது போலும். தமிழில் அதற்குப் ‘பகிடிவதை’ என்று பெயரிட்டவர் யாராயினும் பொருத்தமாகவே பெயரிட்டார். பகிடியும் வதையும் ஒரே தொடரிற் பிரிக்கவொண்ணாது நிற்கின்றன. 1975இல் பேராதனையின் இராமநாதன் விடுதியிலே பகிடிவதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த மாணவி வாழ்நாள் முழுவதும் நடக்கவியலாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில வந்த தமிழ் மாணவர் ஒருவர் வதையின் விளைவாக உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. இவ்வதைகளும் ‘விளையாட்டு’ என்ற பெயரிலேயே நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது. மூத்தவன் பிடிக்கின்றான், இளையவன் பிடிபடுகின்றான். விடுதலைக்கு விலை இளையவனின் மானம். அவ்விலையால் ஒருவரும் படிப்பதில்லை. மேலே வகுத்த மூன்று வினாக்களுக்கும் பகிடிவதை அளிக்கும் விடைகள் இவை. பள்ளனின் காலிற் பூட்டிய மரத்தினும் இது இழிந்தது. அங்கே மன்றாடி மீட்பதற்கு ஒருத்தியாவது இருந்தாள்.

ஆதலால் பல்கலைக்கழக மாணவர் எவரேனும் விளையாட்டுக் கைது நடத்த முற்படும்போது, ஐயத்தோடு நோக்கப்படுதல் இயல்பே. அவ்வையத்தை இன்னும் ஆழமாக்குவது மலையகத்தின் வரலாறு.

நோட்டன் பிரிட்ஜ், அட்டனிலிருந்து மேற்காக, கெசல்கமுவ ஓயாவின் பள்ளத்தாக்கிலே அமைந்த சிற்றூர். மலைச்சரிவெங்கும் தேயிலை, பள்ளத்தில் அணை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே வற்புறுத்திய நீர்மின் திட்டம் பல தடைகளைக் கடந்து 1950இல் இலட்சபானவில் நிறைவேறியபோது, அதற்குரிய நீரைத் தேக்கிக் கொடுத்தது இவ்வூரின் அணையே. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் மற்றொரு மின் நிலையம் அவர் பெயராலேயே இவ்வூரருகில் அமைந்தது. இங்கிருந்து புறப்பட்ட ஒளி கொழும்புக்குச் சென்ற காலத்திலே, அணைக்கு மேலுள்ள சரிவுகளின் லயங்களிற் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கிலே படித்தனர். புலமைப்பரிசில் பற்றிய பேச்சிலே மின்சாரத்துக்கு என்ன இடமென வினவலாம். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதே இக்கட்டுரையின் பொருளாதலின், அதற்கு இடமுண்டு.

இம்மலைகளிலே கைது என்பது எக்காலத்தும் விளையாட்டாக இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், தோட்டத்தை விட்டு நீங்குதலை மட்டுமன்றி, வேலையிற் கவனமின்மை, குடிவெறி, மேலாளரிடம் துடுக்காகப் பேசுதல் ஆகியவற்றையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. அமெரிக்க நகரமொன்றின் போலிப் பிடியாணையிலே நகைப்புக்காக எழுதப்படும் ‘மரியாதையின்றிச் சிரித்தமை’ என்பது போன்ற குற்றம், இங்கே தொழிலாளியை மெய்யாகவே சிறைக்கு அனுப்பக்கூடியதாக இருந்தது. பிற்காலத்திலும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து நிலத்தைக் காக்க முனைந்த சிவனு இலட்சுமணன் அவ்வாறே மடிந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், நாடு கடத்தப்படுவோர் அட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றப்பட்ட காட்சியை மலையக எழுத்தாளர் பலர் பதிவு செய்துள்ளனர், மு. சிவலிங்கம் தம் நூலொன்றுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயரிட்டார். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் வடக்கு கிழக்கு இளைஞரை மட்டுமன்றி மலையக இளைஞரையும் சிறைக்குள் தள்ளியது.

இத்தகைய நிலத்தில், ஞாயிற்றுக்கிழமை கடைவீதியிலே காக்கிச் சட்டை அணிந்த இருவர் ஒரு மனிதனின் தோளைப் பற்றும்போது, கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் நெஞ்சில் முதலில் எழுவது சிரிப்பாகுமா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கின்றார். அவர் கூற்றை மெல்லிய உள்ளத்தின் மிகையென்று தள்ளுதல் கூடாது. நாடகத்தின் முதல் நிபந்தனை, காண்போன் அதனை நாடகமென்று அறிதல். அறியாத கணம் ஒன்றேனும் நேரின், அக்கணத்தில் நடந்தது நாடகமன்று, அச்சுறுத்தலே.

எனினும் இவ்வரலாற்றிலேயே மறுபக்கம் ஒன்றுளது. தோட்டத் தொழிலின் சொற்றொகுதியிலே ‘துண்டு’ என்றொரு சொல் உண்டு. கங்காணியும் அவன்கீழுள்ள ஆட்களும் தோட்டத்துக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு, அத்தொகை செலுத்தப்படின் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. புதுத் துரை அக்கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் அவர்கள் தலையிலேயே ஏறிப் புதுத் தோட்டத்துக்கும் கூடவே செல்லும். துண்டு கைமாறக் கைமாறக் கடன் வளர்ந்தது. 1921ஆம் ஆண்டு வரை சட்டம் இதற்கு இடங்கொடுத்தது. மனிதர் ஒரு தொகைக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்படுதலும், தொகை கைமாறியதும் விடப்படுதலும் இம்மலைகளில் இரண்டு மூன்று தலைமுறைகளின் அன்றாட வழக்கு. எனவே விளையாட்டுக் கைதின் பிடியாணை, பிணைச்சீட்டு, விடுதலை என்னும் அமைப்பு மலையகத்துக்கு மேனாட்டிலிருந்து வந்த புதுமையன்று. இங்கே அது முன்னரே நிகழ்ந்திருக்கின்றது. ஒரு வேறுபாடு, விளையாட்டாக நிகழவில்லை.

இவ்வுண்மையே இவ்வடிவத்தைக் கண்டிப்பதற்கும் ஏற்பதற்கும் ஒருசேர இடந்தருகின்றது. அதனை அப்படியே தலைகீழாக்கினால், அதாவது துண்டு எழுதும் கை தொழிலாளியின் மகனுடையதாகவும், துண்டிலே பெயர் எழுதப்படுபவர் தோட்ட முகாமையாளராகவும் அமைந்தால், ஆங்கே தோன்றுவது வேடிக்கை மட்டுமன்று. ஒரு வரலாற்றைத் திருப்பிப் படிக்கும் செயல் அது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்கு மாறியது. இத்தனை மாற்றத்திலும் முகாமையாளர் இன்றும் தொழிலாளர் பேச்சில் ‘துரை’யாகவே இருக்கின்றார். அத்துரையின் பெயருக்கு நேரே கடன் தொகை எழுதப்பட்டுக் கடைவீதியில் உரத்து வாசிக்கப்படுவதைக் கேட்பவர்கள் சிரிப்பார்களாயின், அச்சிரிப்பின் பொருள் பிற நகரங்களின் சிரிப்புக்கில்லாத ஆழமுடையது.

மலையக மக்களுக்கு இத்தகைய நகைப்பு புதிதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் எள்ளலுக்கு இலக்காகின்றனர். கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்பவள் நேரிற் சொல்ல முடியாததைப் பாட்டிற் சொன்னாள். கோ. நடேசையர் 1937இல் வெளியிட்ட ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் நாடகம், தோட்டத்து வாழ்வையும் ஆள் திரட்டும் முறையையும் மேடைக்குரிய பொருளாக்கியது. மாசி மாதத்திலே தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்திலோ, ரதியும் மதனும் மட்டுமன்றித் தூதன், எமன், வீரபத்திரன் முதலிய வேடங்களும் லயம் லயமாக வருகின்றன. வீட்டார் இயன்றதைக் கொடுக்கின்றனர். வேடமணிந்து வாசலுக்கு வருபவனிடம் பணமும் அரிசியும் கொடுத்தல் இரந்தார்க்கு ஈதலாக ஆங்கு எண்ணப்படுவதில்லை. கூத்திற் பங்குகொள்ளலாகவே எண்ணப்படுகின்றது. மாணவர் இரவல் வாங்க வேண்டியது மேனாட்டுக் கைவிலங்கையன்று. உயிரைப் பிடிக்க வரும் எமன் வேடத்தை இக்கூத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எமனைக் கண்டு எவரும் பொலிஸென்று மயங்கார். அரச ஊழியரின் சீருடையை ஏமாற்றும் நோக்குடன் அணிவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமென்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. தப்பு முழங்க, கயிற்றோடு வரும் எமன் துரையின் பங்களா வாசலில் நின்று துண்டு வாசிக்கும் காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போர்க்குக் காக்கிச் சட்டை எத்துணை வறண்ட கற்பனை என்பது விளங்கும்.

இனி, பொருள் பற்றிய பகுதி. கல்விக்காக மக்களிடம் பொருள் திரட்டுதல் தமிழர்க்குப் பழகிய செயலே. பிடியரிசி எடுத்துப் பாடசாலை நடத்திய மரபு யாழ்ப்பாணத்தில் இருந்தது. அது ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் ஒரு பிடி பெற்றது. கொடுத்தவர் பெயர் நிற்கவில்லை, பாடசாலை நின்றது. நாடளாவிய அளவில் இதற்கு ஒப்பிடத்தக்கது மகாபொல நிதியமாகும். அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட அப்புலமைப்பரிசில் நிதியம், பெயரிலேயே தன் பிறப்பைத் தாங்கி நிற்கின்றது: மகாபொல என்பது சிங்களத்திற் பெருஞ்சந்தை எனப் பொருள்படும். கண்காட்சியும் களியாட்டமும் விற்பனையும் சேர்ந்த சந்தைகளின் வருவாயும், பின்னர் லொத்தர்ச் சீட்டின் வருவாயும் அதற்கு ஊற்றாயின. பட்டம் பெற்ற மலையகத்தார் பலரின் படிப்புக்கும் மாதந்தோறும் வந்த அப்பணமே துணைநின்றது. ஆகவே களியாட்டத்தாற் கல்விக்குப் பொருள் திரட்டுதல் தகுதிக்குறைவு என்பார் கூற்று நில்லாது.

ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சந்தையும் லொத்தரும் யாரிடமிருந்து வாங்குகின்றோம் என்று பார்ப்பதில்லை. லொத்தர்ச் சீட்டு வாங்கும் கைகளுட் கொழுந்து பறித்த கைகளும் உண்டு. தன் பிள்ளைக்குரிய பரிசிலின் ஒரு பங்கை ஏழை தானே முன்கூட்டிச் செலுத்திவிடுகின்றான். விளையாட்டுக் கைதோ செலுத்த வேண்டியவரைப் பெயர் சொல்லித் தெரிந்தெடுக்கின்றது. அதன் தனிச்சிறப்பு இதுவே. நன்கொடைப் பட்டியலோடு வாசலில் நிற்கும் மாணவன் இரப்பவன், கொடுப்பவர் ஈபவர். எமனின் துண்டோடு நிற்பவனோ கடன் கேட்பவன். கொடுப்பவர் தம் விடுதலைக்காகச் செலுத்துபவர். இரண்டாயிரம் ரூபா இரண்டாயிரம் ரூபாவே. ஆயினும் முன்னதை வாங்கும் கை தாழ்கின்றது. பின்னதை வாங்கும் கை தாழ்வதில்லை. இலவசக் கல்வி 1945இல் நாடெங்கும் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் பல ஆண்டுகள் அதன் புறத்தே நின்றன. அவற்றை அரசு முழுமையாகப் பொறுப்பேற்றது 1970களிலேதான். மூன்றே ஆண்டுகளில், 1948இல், அம்மக்களின் குடியுரிமையும் பறிபோயிற்று. இவ்வளவையும் கருதுவார்க்கு, மலையக மாணவனுக்குச் சேரும் பரிசில் அருட்கொடையாகத் தோன்றாது. தவணை தவறிய கடனாகவே தோன்றும். கடனைக் கடனென்று சொல்லும் துணிவு நன்கொடைப் பட்டியலுக்கில்லை. நகைப்பின் மறைவிலாயினும் விளையாட்டுக் கைது அதனைச் சொல்கின்றது.

இவ்விடத்திலேயே அதன் பெருங்குறையும் தொடங்குகின்றது. ஆண்டிலொரு நாள் அரசனை இகழ விடும் ஆபிரிக்கச் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் மக்ஸ் குளுக்மன், அவை ஆட்சியைக் குலைப்பதற்கு மாறாக உறுதிப்படுத்துகின்றன என்றார். திருவிழாச் சிரிப்பிலே உலகம் தலைகீழாவதைப் போற்றிய ரஷ்யத் திறனாய்வாளர் பக்தினுக்கும் இதே வினா எழுப்பப்பட்டது: மறுநாட் காலையில் உலகம் எப்படி நின்றது? நோட்டன் பிரிட்ஜிலும் மறுநாட் காலையில் பெரட்டு உண்டு. முந்திய நாள் எமனின் கயிற்றிற் கட்டுண்டு சிரித்த முகாமையாளர் அன்று கொழுந்தின் நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர் போடுவாராயின், முந்திய நாட் சிரிப்பு யாருக்குப் பயன்பட்டது? பிணைப்பணம் செலுத்தியவர் தம் கடன் தீர்ந்ததென்று எண்ணுவதற்கு இவ்வடிவம் வழிவிடுகின்றது. ஒரு மாலைப்பொழுதின் நல்ல முகத்தோடும், நாளிதழில் வெளிவரும் நிழற்படத்தோடும், நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு மூடப்பட்டுவிடக் கூடாது. விளையாட்டுக் கைதினைக் குறைகூறுவோர் ‘அச்சுறுத்துகின்றது’ என்பதோடு நின்றுவிடுகின்றனர். அது மிக எளிதில் மகிழ்விக்கின்றது என்பதே வலுவான குற்றச்சாட்டு.

இக்குறையை முற்றாக நீக்கும் வழியொன்றும் இல்லை. குறைக்கும் வழிகள் நடத்துவோரின் கையிலுள்ளன. அவை பெரும்பாலும் பிரதி பற்றியன. மேனாட்டு நிகழ்ச்சிகளிலே குற்றச்சாட்டு பொருளற்றதாக எழுதப்படுவதால் சிரிப்பு அங்கேயே கரைந்துவிடுகின்றது. கழுத்துப்பட்டியின் நிறம் யாரையும் சுடுவதில்லை. அங்கதம் அங்கதமாவதற்குக் குற்றச்சாட்டிலே ஒரு துளி உண்மை வேண்டும். முகாமையாளர்மீது, தோட்டத்துப் பிள்ளைகளின் வாசிகசாலைக் கூரையின் ஓட்டை வழியே மழையை உள்ளே அனுமதித்த குற்றம். மின்சாரத் துறை அதிகாரிமீது, அணையிலிருந்து கொழும்புக்கு ஓடிய ஒளி மேட்டு லயத்துக்கு ஏற மூச்சுவாங்கிய குற்றம். தொழிற்சங்கத் தலைவர்மீது, சந்தாப் பிடித்த மாதங்களில் மட்டும் நினைவாற்றல் கூர்மையாயிருந்த குற்றம். பல்கலைக்கழக விரிவுரையாளர்மீது, மலையகம் பற்றிய கட்டுரையை மலையேறாமலே எழுதிய குற்றம். இவற்றை எழுத நகைச்சுவை போதாது. அவ்வூரை அறிந்திருக்கவும் வேண்டும். தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவனே அதனை எழுதத் தகுதியுடையவன். கண்டியிலோ கொழும்பிலோ இருந்து அச்சடித்து அனுப்பப்படும் பிடியாணையில் அத்துளி உண்மை இராது.

பிடிபடுவோர் முன்னரே இசைந்தவராக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை. சுந்தரரிடம் இசைவு கேட்கப்படவில்லை என்று ஒருவர் வாதிடலாம். பிடித்தவர் யாரென்பதை வைத்து அதற்கு விடை காண்க. ஆனால் இசைவு மட்டும் போதாது. லயத்தில் வாழும் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, பாதையோரத்து வெற்றிலைக்காரி ஆகியோர் வேடிக்கைக்காகவும் பிடிக்கப்படலாகாது. அவர்கள் இசைந்தாலும் ஆகாது, ஏனெனில் ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பழகாதவர்களின் இசைவு இசைவாகாது. பிணை செலுத்த இயலாதவர் பிணையில் வைக்கப்படுதலே துண்டு முறையின் சாரமாக இருந்தது; அதனை விளையாட்டிலும் மீளச் செய்தல் தகாது. அதே காரணத்தால் நிகழ்ச்சிக்குச் சம்பள நாளைத் தெரிதலும் பொருந்தாது. அன்று கடைவீதியிற் கூட்டம் மிகும், உண்டியலும் நிறையும், நிறைவது யாருடைய பணத்தால் என்பதே தடை. கங்காணி இடைப்பட்டவர், அவரைப் பிடிப்பதா விடுவதா என்பது அவ்வத் தோட்டத்தார் தீர்மானிக்க வேண்டிய நுட்பமான கேள்வி. பழைய கங்காணிமாரின் கொடுமையை இன்றைய கங்காணியின் தலையில் ஏற்றுதல் சரித்திர அறிவாகாது.

நாடகம் முடிந்து எமன் வேடத்தைக் கலைத்த பின்னர், கடைவீதியிலேயே பணம் எண்ணப்பட்டு, தொகை கரும்பலகையில் எழுதப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படுதல் வேண்டும். கணக்கு எழுதும் கையைத் தொழிலாளி ஒருபோதும் நேரில் பார்த்திராத ஊர் இது; தன் பெயருக்கு நேரே கணக்கப்பிள்ளை என்ன எழுதினான் என்பது சம்பள நாளன்றே அவனுக்குத் தெரிந்தது. பணம் செலுத்தி விடுதலை பெற்றவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் எத்தனை முறை வேண்டுமாயினும் சொல்லலாம். அவர்கள் அதனை விரும்பவும் கூடும். பரிசில் பெறவுள்ள மாணவரின் பெயரை மட்டும் மேடையிற் சொல்லலாகாது. அவர் கூட்டத்தின் நடுவே, ஏனையோரைப் போலவே சிரித்துக்கொண்டு நிற்கட்டும். கடிதம் தபாலில் வரும்.